வீட்டுச் சேமிப்புக்குச் சின்னப் பெட்டியே போதும்

ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் சர்க்கரை, பி.பி., பென்ஷன் நிலுவை என்று பேச்சு ஓடும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "போன்ல மெமரி ஃபுல்லுன்னு காட்டுது சார், இந்தப் படத்தையெல்லாம் எங்க வைக்கிறது?" பெரம்பலூரிலும் அரியலூரிலுமாக இந்த வருஷம் மட்டும் ஐந்தாறு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தொலைபேசித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால், ஒயர் உள்ள எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரு சேமிப்பு சர்வர் வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் கிடைப்பதில் சின்னதாக, கரண்ட் குறைவாக இழுப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் மிச்சமாகும் பணத்துக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வேறு ஊரில் வையுங்கள். கடையில் போய்க் கேட்டால் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். பெரிய பெட்டியைக் காட்டுவார்கள். வேறு ஊர் என்ற பேச்சே வராது.

சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். ஓட்டலில் சர்வர் செய்யும் வேலைதான், கேட்டதை எடுத்து வந்து வைப்பது. ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதனுள் ஒரு ஹார்ட் டிஸ்க், வீட்டு ரவுட்டரிலிருந்து ஒரு ஒயர், அவ்வளவுதான். அதற்குத் திரை வேண்டாம், கீபோர்டு வேண்டாம். இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் போன் வழியாகவே படங்களை அதில் போடலாம், எடுக்கலாம்.

முதலில் நம் சரக்கு எவ்வளவு என்று பார்ப்போம். போனில் எடுக்கும் படம் ஒன்று சுமாராக 3, 4 எம்பி. 50,000 படம் சேர்ந்தாலும் 200 ஜிபிதான். இடத்தைத் தின்பது வீடியோ. சாதாரண ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 6 முதல் 8 ஜிபி ஆகும். கல்யாணம், காதுகுத்து, பேரன் தவழ்ந்தது, நடந்தது என்று 100 மணி நேரம் வைத்திருந்தாலும் 800 ஜிபிக்குள் அடங்கும். பத்திரம், சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தால் ஒரு ஜிபி வருவதே சந்தேகம். ஆக, பெரும்பாலான வீடுகளுக்கு 1 டிபி போதும். தாராளமாக வைத்துக்கொண்டால் 2 டிபி. பதினாறு, இருபது டிபி பெட்டி எல்லாம் சினிமா சேர்த்து வைப்பவர்களுக்கு.

அளவு சின்னது என்றால் மதிப்பும் சின்னது என்று அர்த்தமில்லை. நம் பக்கத்துக் காகிதங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1995க்கு முந்தைய பத்திரத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றிருக்கும். பிறகு பெரம்பலூர் மாவட்டம். 2001ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது, 2002ல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். அரியலூர்ப் பக்கத்தில் ஒரே காணிக்கு மூன்று மாவட்டப் பெயரில் தாள் வைத்திருப்பவர்கள் உண்டு. பழைய தாள் ஒன்று தொலைந்தால் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். ஸ்கேன் அசலுக்கு ஈடாகாதுதான். ஆனால் பத்திர எண்ணும் வருஷமும் கையில் இருந்தால் நகல் மனு போடுவது எளிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அம்மா நடவுப் பாட்டுப் பாடியதை 1988ல் ஒரு டேப்ரிக்கார்டரில் பிடித்து வைத்தேன். நாற்பது நிமிஷம். அம்மா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேசட் இப்போது இழுத்து இழுத்துப் பாடுகிறது. நல்லவேளையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, மொத்தம் 40 எம்பிகூட இல்லை. போனில் வரும் குட் மார்னிங் வீடியோக்கள் நாலு சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். அம்மா குரல் போனால் எந்தக் கடையில் வாங்குவது? வீட்டு சர்வர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த நாற்பது எம்பிதான்.

இனி கரண்ட் கணக்கு. நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. ஒரு பெட்டி எத்தனை வாட் என்று பார்த்து, அதை 1.44ஆல் பெருக்குங்கள். இரவு பகலாக அறுபது நாள் ஓடினால் ஆகும் யூனிட் வந்துவிடும்.

மேஜையடியில் கிடக்கும் பழைய டவர் கம்ப்யூட்டரையே சர்வராக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செலவில்லை என்று தோன்றும். அது சும்மா இருக்கும்போதே 60, 70 வாட் இழுக்கும். 70ஐ 1.44ஆல் பெருக்கினால் 100.8 யூனிட். 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டை அந்த ஒரு பெட்டியே சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிடும். பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்றை இரண்டு மாதம் நிறுத்தாமல் ஓட்டுவதற்குச் சமம். கோடையில் ஏ.சி. போடும் வீடாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் கைவிட்டுப் போகும். அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு 100 யூனிட் என்பது சின்ன விஷயமில்லை.

அதே வேலையை 9 வாட்டில் செய்யும் பெட்டி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 13 யூனிட். வாசலில் எரியும் எல்.ஈ.டி. பல்பு ஒன்றின் செலவு.

என்னென்ன கிடைக்கிறது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

ஒன்று, வீட்டில் கிடக்கும் மடிக்கணினி. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகள் நம் ஊர் பீரோக்களில் எத்தனையோ தூங்குகின்றன. திரையை அணைத்துவிட்டால் 10 முதல் 20 வாட்டில் ஓடும். பழகிப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. இரண்டு விஷயம் கவனியுங்கள். பழைய யுஎஸ்பி 2 துளை மட்டும் இருந்தால் வெளி டிஸ்க்கின் வேகம் நொடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் வராது. பாட்டரி உப்பியிருந்தால் எந்தக் காரணம் கொண்டும் செருகி வைக்காதீர்கள். கழற்றிவிட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டு, ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதற்காக 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த, சீட்டுக்கட்டு அளவேயான கம்ப்யூட்டர். நாலாவது மாடல் 2019ல் வந்தது. சும்மா இருக்கும்போது 3 வாட் அளவுதான். அதற்கு முந்தைய மாடல்களைச் சேமிப்புக்கு வாங்க வேண்டாம், அவற்றில் யுஎஸ்பியும் நெட்வொர்க்கும் மெதுவானவை. நாலாவதிலும் ஒரு சங்கடம் உண்டு. அதன் நாலு யுஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். சுற்றும் ஹார்ட் டிஸ்க் இரண்டைச் செருகினால் மூச்சு முட்டும், தனி கரண்ட் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்க வேண்டியிருக்கும். அதில் போடும் மெமரி கார்டும் எழுதி எழுதித் தேயும். பெட்டி, அடாப்டர், ஹப், கார்டு என்று தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால் மலிவு என்ற பேச்சு கரைந்துவிடும்.

மூன்று, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த சின்னக் கம்ப்யூட்டர்கள். லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, ஹெச்பி மினி என்று வருபவை. தடிமனான அகராதி அளவு இருக்கும். சும்மா இருக்கும்போது 10 முதல் 15 வாட். சென்னை ரிச்சி தெருவில் நிறையக் கிடைக்கும். உள்ளே இரண்டரை அங்குல டிஸ்க் ஒன்று போடலாம். பெரிய நிறுவனங்களின் நீடித்த உபயோகத்துக்கென்று செய்தவை என்பதால் உழைப்பாளிகள்.

நான்கு, இன்டெல் என்100 சில்லு போட்ட மினி கம்ப்யூட்டர். 2023ல் வந்த சில்லு. இதன் கணக்கே 6 வாட்தான். டிஸ்க்கோடு சேர்த்து என் வீட்டுப் பெட்டியை வாட் மீட்டரில் பார்த்தபோது 9 வாட் காட்டியது. ஃபேன் இல்லாத மாடலும் உண்டு. அரியலூர்க்காரர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோரம் வீடு இருந்தால், ஃபேன் உள்ள எந்தப் பெட்டியும் ஆறு மாதத்தில் உள்ளே மாவு மில் போலாகிவிடும். ஃபேன் இல்லாததைக் காற்றோட்டமான அலமாரியில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய பீரோவுக்குள் வைத்தால் அதுவும் வெந்துபோகும்.

டிஸ்க் எது? சின்னப் பெட்டிக்கு இரண்டரை அங்குல டிஸ்க்தான் பொருத்தம். அது ஒன்றிரண்டு வாட்டில் சுற்றும். பெரிய மூன்றரை அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் நாலைந்து வாட் கேட்பதோடு, சுற்றத் தொடங்கும் அந்தச் சில நொடியில் இருபது வாட்டுக்கு மேல் இழுக்கும். அதற்கென்று 12 வோல்ட் தனியாக வேண்டும். நாலு டிஸ்க் பெட்டி என்றால் சேமிப்புக்கு முன்னால் கரண்ட் ஏற்பாடு பெரிதாகிவிடும்.

கரண்ட் கட் பற்றியும் ஒரு வார்த்தை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போனால் சில நாள் ஐந்து மணிக்குத்தான் வருகிறது. 9 வாட் பெட்டியும் 10 வாட் ரவுட்டரும் வீட்டு இன்வெர்ட்டருக்கு ஒரு பாரமே இல்லை. 150 ஏ.ஹெச். பாட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும், பெட்டி அணைந்து எரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் டிஸ்க்குக்குச் சத்துரு.

இதையெல்லாம் சொன்னால் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் அக்கா மகன் ஒப்புக்கொள்வதில்லை. "மாமா, நாலு டிஸ்க் போடுற பெட்டியா வாங்குங்க. ரெய்டு போட்டா ஒரு டிஸ்க் செத்தாலும் பெட்டி நிக்காது" என்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை. ரெய்டு என்பது ஒரே விஷயத்தை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது, அல்லது ஒன்று போனாலும் மற்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு மீட்பது. நல்ல ஏற்பாடு. நான் வேலை பார்த்த இடத்திலும் எல்லாம் இரட்டைதான். ஒரு பிராசசர் போனால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் 48 வோல்ட் பாட்டரி தாங்கும். நள்ளிரவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போடும்போது எக்ஸ்சேஞ்ச் நிற்கக் கூடாது.

ஆனால் அங்கேயே இன்னொரு வேலையும் நடந்தது. கணக்கு விவரங்களைக் காந்த நாடாவில் ஏற்றி வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிடுவோம். எக்ஸ்சேஞ்ச் நிற்காமல் இருக்க இரட்டை பிராசசர். கணக்குத் தொலையாமல் இருக்க வேறு இடத்தில் நாடா. இரண்டும் வேறு வேறு தேவை. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

வீட்டில் நமக்கு எது தேவை? பெட்டி இரண்டு நாள் நின்றால் குடி முழுகிவிடாது. பேரன் படத்தை வியாழக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமை பார்க்கலாம். தொலையக் கூடாது, அதுதான் வேண்டும். இடி இறங்கினால் நாலு டிஸ்க்கும் சேர்ந்தே கருகும். திருடன் பெட்டியோடு தூக்குவான். பேத்தி தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அந்த நொடியே எல்லா டிஸ்க்கிலும் விசுவாசமாக அழித்துவிடும். நாலு டிஸ்க் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் சின்னப் பெட்டியும் தனித்தனி இரண்டு டிஸ்க்கும் வாங்கலாம். அந்த இரண்டு டிஸ்க்கும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியதில்லை.

இந்தப் பாடத்துக்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையிலிருக்கும் திருமழபாடிக்குப் போனவர்கள் பலர் இருப்பீர்கள். ராஜராஜ சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012-13 வாக்கில், அங்கே வைத்தியநாதர் கோயில் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவர் முழுவதும் கல்வெட்டு, யார் யார் எந்த நிலம் கொடுத்தார்கள், எத்தனை விளக்கு எரிக்க வேண்டும் என்ற கணக்கு. சுவரை இடிப்பதற்கு முன் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தார்கள். மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1025-26ல், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். நடுவில் சுமார் பதின்மூன்று வருஷம். அரசன் மாறிவிட்டான், கல் போய்விட்டது. கணக்கைக் காப்பாற்றியது அந்தச் சின்னப் புத்தகம்தான். இந்தச் சேதியும் அந்தக் கோயில் கல்வெட்டு வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது.

படி இல்லாதவற்றின் கதி என்ன என்பதற்கும் நம் தமிழ் உலகத்திலேயே உதாரணம் உண்டு. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது 97,000 போல நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களில் பலவற்றுக்கு உலகத்தில் எங்கோ இன்னொரு படி இருந்தது. ஒற்றை ஏட்டுச் சுவடிகளாக இருந்தவை அன்றோடு போயின.

என் ஏற்பாடு இதுதான். பெரம்பலூர் வீட்டில் சின்னப் பெட்டி, அதில் 2 டிபி டிஸ்க். யுஎஸ்பி வெளி டிஸ்க் இரண்டு, அவையும் 2 டிபி. ஒன்று எப்போதும் அரியலூரில் என் தங்கை வீட்டுப் பீரோவில் இருக்கும். மாதம் ஒரு தடவை புதிதாகப் படியெடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். "என்னண்ணே, இந்த மாசம் டிஸ்க்கைக் காணோம்?" என்று தங்கையே இப்போது நினைவூட்டுகிறது. அதன் வீட்டுப் படங்களும் என் பெட்டியில் இருப்பதால் இரண்டு வீட்டுக்கும் பாதுகாப்பு.

இந்தக் காலத்தில் பஸ்ஸிலா என்று சிரிக்கிறார்கள். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பையில் 1 டிபி போகிறது. அதையே 40 எம்பிபிஎஸ் வேகத்தில் இன்டர்நெட்டில் ஏற்றினால் இரண்டு நாளைக்கு மேல் ஆகும். போன இடத்தில் தங்கை கையால் காபியும் உண்டு. இளையவர்கள் சிங்க்திங் போன்ற இலவச மென்பொருளை வைத்து இரவோடு இரவாக இரண்டு ஊருக்கும் நடுவே ஒத்திசைத்துக்கொள்ளலாம், நல்லதுதான். ஆனால் ஒயரில் செருகாமல் பீரோவில் தூங்கும் டிஸ்க் ஒன்றாவது இருக்கட்டும். அதை வைரஸும் தொடாது, மின்னலும் தொடாது.

கூகுளில் போட்டுவிட்டால் போகிறதே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். படங்களுக்கு அளவில்லா இலவச இடம் என்று கொடுத்தார்கள், 2021 ஜூன் 1 முதல் அதை நிறுத்தி 15 ஜிபி கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருஷம் தொடாத கணக்கை நீக்கலாம் என்றும் 2023ல் விதி கொண்டுவந்தார்கள். நம் வயதில் இந்த இரண்டாவது விதியை யோசிக்க வேண்டும். கணக்கைத் தொட நாம் இல்லாதபோது யார் தொடுவார்கள்? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

சின்னது, எளியது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் கடைசிக் காரணமும் இதுதான். அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவர் நாமாக இருக்க மாட்டோம். ரெய்டு போட்ட நாலு டிஸ்க்கில் ஒன்றைக் கழற்றி லேப்டாப்பில் செருகினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. என் வெளி டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரும் படிக்கும் முறையில் ஃபார்மட் செய்திருக்கிறேன். செருகினால் உடனே "1988 அம்மா பாட்டு", "பத்திரங்கள்", "கல்யாணங்கள்" என்று தமிழில் ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரியும். என் மனைவிக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை. ஒருமுறை அவளே செருகித் திறந்து மாமியார் பாட்டைப் போட்டுக் கேட்டாள். அதன் பிறகுதான் எனக்கு நிம்மதி.

பெட்டியை நிறுவ ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருள் போதும், தெரிந்த பையன் ஒருவன் ஒரு மாலையில் செய்துவிடுவான். அவனிடம் இரண்டு நிபந்தனை போடுங்கள். வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக உள்ளே வரும் கதவு எதையும் திறந்து வைக்கக் கூடாது. என்ன செய்தான், பாஸ்வேர்டு என்ன என்பதை நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த நோட்டு பத்திரப் பையோடு இருக்கட்டும்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு போங்கள். என் சரக்கு எத்தனை ஜிபி? இந்தப் பெட்டி எத்தனை வாட், அதாவது பில்லுக்கு எத்தனை யூனிட்? இரண்டாவது டிஸ்க் எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கப் போகிறது? மூன்றாவதற்குப் பதில் கிடைக்கவில்லையென்றால் பெட்டி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு டிஸ்க் வாங்கிப் படியெடுத்து, சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.